நாற்பத்தெட்டுப் பேருக்குள் நோயைப் பங்கிட முடியாது

கோயம்புத்தூர்,
8.12.2025

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு கடந்த செப்டம்பர் 22 அன்று நடைமுறைக்கு வந்தபோது உங்கள் நாளிதழ் உட்பட அனைவரும் அதை வரவேற்று எழுதினீர்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அதே ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம், ஒரு நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காக எடுக்கும் குழுக் காப்பீட்டின் மீதான 18 சதவீத வரியை அப்படியே விட்டுவிட்டது என்பது பெரிதாகப் பேசப்படவில்லை. கணபதி பகுதியில் பம்ப் உதிரிபாகங்கள் தயாரிக்கும் சிறு தொழிற்கூடம் ஒன்றை நடத்துபவன் என்ற முறையில், இந்த பாலிசியை ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது எங்களைப் போன்றவர்களுக்கு நேரும் நெருக்கடியைப் பற்றியும், அதற்கு வரி மட்டுமே காரணமல்ல என்பதைப் பற்றியும் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

இந்த பாலிசியை நாங்கள் எடுப்பது பெருமைக்காக அல்ல, தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. விட்ட இடத்தை நிரப்புவதற்காக. தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் 1955-இல் முதன்முதலாகத் தொடங்கியது எங்கள் கோவையில்தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு நிறுவனம் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்தினால் போதும். அவருக்கும், மனைவி மக்களுக்கும், அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை கிடைக்கும், அந்தச் செலவுக்கு உச்சவரம்பும் கிடையாது. சரியாக 21,000 ரூபாய் வாங்குபவருக்கு நிறுவனத்தின் பங்கு 682 ரூபாய் 50 காசு, தொழிலாளியின் பங்கு 157 ரூபாய் 50 காசு, ஆக மாதம் 840 ரூபாய். டிஸ்பென்சரியில் காத்திருப்பதும், ஒரு மேல்சிகிச்சைப் பரிந்துரைக் கடிதத்துக்காக அலைவதும் உண்டு என்றாலும், இந்த விலைக்கு இப்படியொரு பாதுகாப்பு நாட்டில் வேறெங்கும் கிடைக்காது.

சிக்கல் அந்த 21,000 ரூபாய் வரம்பில் இருக்கிறது. அது 2017 ஜனவரியில் வைக்கப்பட்டது. அதன்பின் அரிசி விலை, வீட்டு வாடகை, குறைந்தபட்சக் கூலி எல்லாம் ஏறிவிட்டன. வரம்பு மட்டும் ஏறவில்லை. இன்று கோவையில் சிஎன்சி இயந்திரத்தைத் தனியாகக் கையாளத் தெரிந்த ஓர் ஆபரேட்டரோ, அனுபவமுள்ள டர்னரோ, ஓவர்டைமைச் சேர்க்காமலே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார். தாண்டியதும், நடப்புப் பங்களிப்புக் காலமும் அதையொட்டிய பயன் காலமும் தீர்ந்த பிறகு, அவர் இ.எஸ்.ஐ.க்கு வெளியே நிற்கிறார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 22,000 ரூபாய் வாங்குபவரின் ஆண்டு வருமானம் 2,64,000. ஆக அங்கும் இடமில்லை. இப்படி இரண்டு பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்பவர்கள் நாட்டின் மக்கள்தொகையில் சுமார் 30 சதவீதம், அதாவது ஏறத்தாழ 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. தாயோ தந்தையோ நீண்ட சிகிச்சையில் இருக்கும் தொழிலாளி ஒருவர், ஏப்ரல் மாதச் சம்பள உயர்வைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று தயங்கியபடி வந்து கேட்பது எங்கள் தொழிலில் புதிய செய்தி அல்ல. உயர்வு கொடுத்த முதலாளியே அந்தக் குடும்பத்தின் மருத்துவத்தைப் பறித்தவராகிறார் என்பதால்தான், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், எங்களில் பலர் தனியார் குழுக் காப்பீட்டை நாடுகிறோம்.

அந்தக் காப்பீட்டின் விலை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. விளங்குவதற்காக ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். நாற்பத்தெட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்கூடம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் 3 லட்சம் ரூபாய் காப்பீடு, பெற்றோரும் உண்டு. முதலாண்டு பிரீமியம் 9 லட்சம், ஜிஎஸ்டி 1,62,000, மொத்தம் 10,62,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் ஒருவருக்கு இதய அறுவைச் சிகிச்சை, ஒருவரின் தாய்க்கு டயாலிசிஸ், சில பிரசவங்கள், கண்புரை, டெங்கு என்று கிளெய்ம் 10,50,000 ரூபாய் வந்துவிடுகிறது. இது வழக்கத்துக்கு மாறான ஆண்டே அல்ல. நூற்றைம்பது, இருநூறு பேர் கொண்ட எந்தக் கூட்டத்திலும் நிகழக்கூடியதுதான். புதுப்பிக்கும் நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் இந்த 10,50,000 ரூபாயை எடுத்து, மருத்துவச் செலவு ஏறும் என்று 10 சதவீதம் கூட்டி, அந்தத் தொகை தான் வாங்கும் பிரீமியத்தில் 80 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்று வகுக்கிறது. புதிய பிரீமியம் 14,43,750 ரூபாய். அதன் மேல் ஜிஎஸ்டி 2,59,875. மொத்தம் 17,03,625 ரூபாய். சென்ற ஆண்டைவிட 60 சதவீதம் அதிகம். ஒரு தொழிலாளிக்கு மாதம் ஏறத்தாழ 2,960 ரூபாய் ஆகிறது. இதே ஆள் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டும் முன் இ.எஸ்.ஐ.யில் அவருக்காக நிறுவனம் மாதம் கட்டியது அதிகபட்சம் 682 ரூபாய் 50 காசு.

வகுக்கும் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், முறை ஒன்றுதான். அதாவது, சென்ற ஆண்டு எங்கள் ஆட்களுக்கு ஆன செலவை அடுத்த ஆண்டு எங்களிடமே, நிர்வாகச் செலவும் வரியும் சேர்த்து வசூலிக்கிறார்கள். இதற்குக் காப்பீடு என்று பெயர் சொல்வதைவிடத் தவணைக் கடன் என்று சொல்வது பொருத்தம். முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோர் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவர்களில் நோயுற்ற சிலரின் செலவைத் தாங்குவதுதான் காப்பீட்டின் அடிப்படை. இருபதாயிரம் ஊழியர்களைக் கொண்ட ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குள் அது நடக்கும். அங்கே பத்துப் பேருக்கு இதய நோய் வந்தாலும் மொத்தக் கணக்கு பெரிதாக அசையாது. நாற்பத்தெட்டுப் பேருக்குள் அது நடக்காது. ஒரே ஒரு நோயாளி எங்கள் கணக்கைக் கவிழ்த்துவிடுவார். இருந்தும் பெரிய நிறுவனத்துக்குப் பொருந்தும் அதே முறையில், எங்கள் சொந்தக் கிளெய்மை வைத்தே எங்களுக்கும் விலை போடுகிறார்கள்.

இதன் விளைவு பணத்தோடு நிற்பதில்லை. பாலிசி முடிவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே புரோக்கர் ஒரு எக்செல் தாளை அனுப்பி வைப்பார். வரிசை எண், ஊழியர் எண், உறவுமுறை, வயது, மருத்துவமனை, நோய், கேட்ட தொகை, கொடுத்த தொகை என்று கட்டம் கட்டமாக இருக்கும். பெரிய தொகைகளுக்கு மஞ்சள் வண்ணம் அடித்திருப்பார்கள். பெயர் இருக்காது என்பது ஒரு பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் சிறு தொழிற்கூடத்தைப் பார்த்ததில்லை. "ஊழியர் எண் 17, தாய், 61 வயது, சிறுநீரகம்" என்று இருந்தால் அது யார் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மா ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்கு வந்து பொரிகடலை வாங்கிப் போனவர். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்பதால் அடுத்த ஆண்டும் அந்தப் பதிவு அந்தத் தாளில் இருக்கும் என்பதும் தெரியும். புரோக்கர் நாகரிகமாகத்தான் சொல்வார்: "சார், பேரன்ட்ஸை எடுத்துட்டா ரேட் நல்லா இறங்கிடும்." ஒரு தொழிலாளியின் குடும்ப நோயை அவருடைய முதலாளியின் முன்னால் விலைப்பட்டியலாக வைத்து, இதைக் கழித்தால் இவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஏற்பாட்டை நாகரிகமான சமூகம் எப்படி ஏற்றுக்கொண்டது என்று எனக்குப் புரியவில்லை. நாற்பது வயதைத் தாண்டியவரை வேலைக்கு எடுக்கலாமா என்று யோசிக்கும் முதலாளியின் மனத்தில் இந்தத் தாளும் ஓரமாக இருக்கும் என்பதை மறுப்பதில் பயனில்லை.

பெற்றோரை நீக்க மனமில்லாதவர் வேறு வழிகளில் வெட்டுகிறார். ஒவ்வொரு பில்லிலும் 10 அல்லது 20 சதவீதத்தைத் தொழிலாளியே கட்ட வேண்டும் என்பது ஒரு வழி. அறை வாடகையைக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்று கட்டுப்படுத்துவது இன்னொரு வழி. 3 லட்சம் காப்பீட்டுக்கு ஒரு நாள் அறை வாடகை 3,000 ரூபாய் என்பது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் அந்த வாடகையில் அறை காலியில்லை என்று மருத்துவமனை 5,000 ரூபாய் அறையைக் கொடுத்தால், மிச்ச 2,000 ரூபாயை மட்டும் கையிலிருந்து கட்டினால் போதாது. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் ஐந்தில் மூன்று பங்கைத்தான் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும். மருந்து, உடலுக்குள் பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றுக்கு இந்த வெட்டு பொருந்தாது என்று காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதித்திருக்கிறது. அது ஓரளவு நிம்மதி. என்றாலும், டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பில்லிங் கவுன்ட்டரில் நின்று, "கேஷ்லெஸ்னு சொன்னீங்களே, இருபதாயிரம் கட்டச் சொல்றாங்க" என்று போன் செய்யும் தொழிலாளிக்கு இந்த விகிதக் கணக்கை விளக்கிச் சொல்லும் பொறுப்பு கடைசியில் நிறுவனத்தின் கணக்கர் தலையில்தான் விழுகிறது. பிரீமியத்தில் மிச்சம் பிடித்த தொகை எங்கே போயிருக்கிறது என்பதை அப்போது காணலாம்.

பழைய நிலைமை வேறாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தீக் காப்பீட்டின் கட்டணம் அரசு நிர்ணயித்த பட்டியலின்படி இருந்த காலத்தில், அதில் லாபம் உறுதியாக இருந்தது. ஆலையின் தீக் காப்பீட்டைப் பிடித்துக்கொள்வதற்காக, ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டை நட்டத்துக்கும் கொடுத்தார்கள். 2007 ஜனவரி 1 அன்று அந்தக் கட்டணப் பட்டியல் நீக்கப்பட்டதும் தீக் காப்பீட்டின் விலை சரிந்தது. அதன் நிழலில் வாழ்ந்த மருத்துவக் காப்பீடு தன் சொந்தக் காலில் நிற்க வேண்டியதாயிற்று. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களின் குழுக் காப்பீட்டில், வாங்கிய பிரீமியத்தைவிடக் கொடுத்த கிளெய்ம் அதிகமாக இருந்த ஆண்டுகள் பல. ஆகவே காப்பீட்டு நிறுவனங்கள் கொள்ளையடிக்கின்றன என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. பேரம் பேசும் வலிமையுள்ள பெரிய நிறுவனங்கள் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ள, அந்த வலிமை இல்லாதவர்களிடம் கணக்கு கறாராகப் பார்க்கப்படுகிறது என்பதே என் முறையீடு. 2023-24-இல் இந்தியாவின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் குழுக் காப்பீட்டிலிருந்து வந்தது. அறுபது வயது கடந்தவர்களின் தனிநபர் பாலிசிக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் முன்கூட்டியே தன்னிடம் கலந்து பேச வேண்டும் என்று ஐஆர்டிஏஐ கடந்த ஜனவரியில் உத்தரவிட்டது. சந்தையில் பாதிக்கு மேற்பட்ட குழுக் காப்பீட்டுக்கு அப்படி எந்த வரம்பும் வைக்கப்படவில்லை.

இனி வரிக்கு வருகிறேன். ஒரு தொழிற்கூடம் வாங்கும் மூலப்பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய ஜிஎஸ்டியை, தான் விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். லேத்துக்கும் கட்டடத்துக்கும் எடுத்த தீக் காப்பீட்டின் வரியை அப்படிக் கழித்துக்கொள்கிறோம். அந்த லேத்தில் நிற்பவருக்காக எடுத்த மருத்துவக் காப்பீட்டின் வரியைக் கழிக்க முடியாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. அந்தப் பிரிவில் மருத்துவக் காப்பீட்டுக்குத் துணையாக இருப்பவை எவை என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: உணவு, கேட்டரிங், அழகு சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி, கிளப் உறுப்பினர் கட்டணம், ஊழியர்களின் விடுமுறைப் பயணச் சலுகை. முதலாளி தன் சொந்தச் சுகத்தைக் கம்பெனி கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்ட பட்டியல் அது. அந்த நோக்கத்தில் தவறில்லை. ஆனால் ஃபவுண்டரியில் உலையருகே நிற்பவரின் டயாலிசிஸ் செலவையும் கிளப் கட்டணத்தையும் ஒரே கூடையில் போட்டது யாருடைய யோசனை என்பது தெரியவில்லை. ஏதேனும் ஒரு சட்டத்தின்கீழ் அந்தக் காப்பீடு கட்டாயம் என்றால் மட்டும் வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு விதிவிலக்கும் அங்கேயே உள்ளது. சட்டம் கட்டாயப்படுத்தாமல், தானாக முன்வந்து செய்பவருக்குத்தான் தண்டம். கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 15 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்று ஒரு வாசகம் இருந்தது. அதை நம்பி அவசர அவசரமாக பாலிசி எடுத்த சிறு நிறுவனங்கள் ஏராளம். இந்தக் காப்பீடு நாட்டுக்குத் தேவை என்று அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது.

எங்களைப் போன்றவர்கள் கேட்க வேண்டியது முழு வரிவிலக்கு அல்ல என்பது என் கருத்து. விலக்கு அளித்தால், காப்பீட்டு நிறுவனம் தன் செலவுகளுக்குக் கட்டிய வரியைத் தான் கழித்துக்கொள்ள முடியாமல் போகும். அதை பிரீமியத்தில்தான் ஏற்றும். அதைவிட, தொழிலாளர் குழுக் காப்பீட்டை 17(5) பிரிவின் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் போதும். நான் மேலே காட்டிய கணக்கில் அந்த 2,59,875 ரூபாய் எங்கள் ஜிஎஸ்டி கணக்குக்கே திரும்பிவிடும். இயக்குநர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் மட்டும் எடுக்கப்படும் பாலிசிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது என்று நிபந்தனை போடலாம். யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஆனால் வரியைச் சரிசெய்தாலும் அடிப்படைச் சிக்கல் தீராது. சிறு நிறுவனங்களுக்கு அவற்றின் சொந்தக் கிளெய்மை வைத்து விலை போடும் முறையை ஐஆர்டிஏஐ நிறுத்த வேண்டும். நூறு ஊழியர்களுக்குக் குறைவான எல்லா நிறுவனங்களையும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் ஒரே தொகுப்பாகக் கருதி, வயது, ஊர், காப்பீட்டுத் தொகை ஆகியவற்றை மட்டும் வைத்து விலை சொல்ல வேண்டும். எந்தத் தொழிற்கூடத்தில் யாருக்கு எந்த நோய் என்பது அந்த விலைக்குள் நுழையக் கூடாது. இது கனவு அல்ல. எதையும் சந்தையிடம் விடும் அமெரிக்காவிலேயே 2014 முதல் இதுதான் சட்டம்: பெரும்பாலான மாநிலங்களில், ஐம்பது பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு விலை சொல்லும்போது அங்குள்ள ஊழியர்களின் உடல்நிலையையோ முந்தைய கிளெய்மையோ காப்பீட்டு நிறுவனம் கணக்கில் எடுக்கக் கூடாது. அமெரிக்க முறையை முழுவதுமாகப் பின்பற்றச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1942-இல் கூலி உயர்வுக்குத் தடை வந்தபோது, ஆட்களைப் பிடித்து வைக்க முதலாளிகள் மருத்துவக் காப்பீட்டைக் கையிலெடுத்ததில் வளர்ந்த ஏற்பாடு அது. இன்று அங்கே ஒரு குடும்பத்துக்கான நிறுவனக் காப்பீட்டின் ஆண்டு பிரீமியம் சராசரியாக 27,000 டாலரை ஒட்டி நிற்கிறது. அந்த வழியில் நாம் போகக் கூடாது. ஆனால் அவ்வளவு விலையுள்ள சந்தையிலும் சிறியவனைத் தனியாகப் பிரித்து வைத்து நோய்க்குத் தண்டம் விதிக்கக் கூடாது என்ற நியாயம் சட்டமாகியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

காப்பீட்டுத் துறையினர் இதற்குச் சொல்லும் பதிலும் எனக்குத் தெரியும். எல்லோருக்கும் ஒரே விலை என்றால், ஆளுக்கு நோய் வந்த பிறகுதான் சிறு நிறுவனங்கள் பாலிசி எடுக்க ஓடி வரும், அடுத்த ஆண்டே விட்டுவிடும் என்பார்கள். பயம் நியாயமானது. அதற்குத் தடுப்பு வைக்கலாம்: சம்பளப் பட்டியலில் உள்ள அனைவரையும் சேர்த்தாக வேண்டும், மூன்று ஆண்டுகளுக்கு விலகக் கூடாது, பி.எஃப். பதிவோடு பெயர்ப் பட்டியலை ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். கொடிசியா, சீமா போன்ற கோவைத் தொழிலமைப்புகளும், திருப்பூரிலும் ஓசூரிலும் உள்ள தொழிலமைப்புகளும் தங்கள் உறுப்பினர்களின் தொழிலாளர்களை ஒன்றாகத் திரட்டி ஒரே பாலிசியாக எடுத்தால், நாற்பத்தெட்டு என்பது சில ஆயிரங்களாகிவிடும். பேரம் பேசும் வலிமையும் தானாக வரும். இப்படிப் பல முதலாளிகளின் தொழிலாளர்களை ஒரு குழுவாகச் சேர்ப்பதை விதிகளில் தெளிவாக அனுமதித்து, ஊக்குவிக்க வேண்டும். நம் தொழிலமைப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: மின்கட்டணத்துக்காகக் கதவடைப்பு நடத்தத் தெரிந்த நாம், இந்த விஷயத்தில் ஒரு கூட்டுத் தீர்மானத்துக்கு மேல் போகவில்லை.

மருத்துவமனைகளின் விலைப் பக்கம் தனியாக எழுத வேண்டிய விஷயம். மருத்துவமனைக் கட்டணங்களுக்குச் சீரான அளவை நிர்ணயிக்குமாறு 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசை வலியுறுத்தியதை மட்டும் நினைவூட்டுகிறேன். வரவேற்பு மேசையில் "கம்பெனி இன்சூரன்ஸா?" என்று முதலில் கேட்டுவிட்டு அறையைக் காட்டும் பழக்கம் இருக்கும் வரை, மேலே நான் கூட்டிய அந்த 10 சதவீதம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

தனியார் காப்பீட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனங்களும் விரும்பினால் இ.எஸ்.ஐ.யில் சேர அவற்றில் வழியிருக்கிறது. நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை என்பதும் வந்திருக்கிறது. வரம்பைத் தாண்டியவருக்கும் அதே போல விருப்பத்தின் பேரில் ஒரு கதவைத் திறக்கலாம். 21,000 ரூபாயைத் தாண்டிய தொழிலாளி, நிறுவனத்தின் ஒப்புதலோடு, முழு 4 சதவீதத்தையும் தன் உண்மைச் சம்பளத்தின் மீது செலுத்தித் தொடர அனுமதித்தால் 30,000 ரூபாய் வாங்குபவரிடமிருந்து இ.எஸ்.ஐ. கழகத்துக்கு மாதம் 1,200 ரூபாய் வரும். மூன்று கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் தொகுப்பில் கூடுதல் சம்பளக்காரர்கள் சேர்வது கழகத்துக்கு லாபமே தவிர நட்டமல்ல. புதிய மருத்துவமனைகள் இல்லாமல் ஆள் மட்டும் சேர்ந்தால் வரிசை நீளும் என்பது உண்மை. அதற்காகவே, சேரும் பணத்தில் பெரும்பகுதியை அந்தந்தத் தொழில் மாவட்டத்திலேயே செலவிட வேண்டும் என்று கேட்கிறோம். வரம்பை உயர்த்துவது பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. உயர்த்தட்டும். ஆனால் எந்த வரம்பையும் அடுத்த சில ஆண்டுகளில் சம்பளம் எட்டிவிடும். எட்டியவருக்கும் ஒரு வழி வேண்டும்.

இவையெல்லாம் நடக்கக் காலம் பிடிக்கலாம். உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நூறு பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு அனுப்பும் கிளெய்ம் விவரத்தில் மொத்தத் தொகையும் எண்ணிக்கையும் மட்டுமே இருக்க வேண்டும். ஊழியர் எண், உறவுமுறை, நோயின் பெயர் ஆகியவை முதலாளிக்கோ புரோக்கருக்கோ போகக் கூடாது என்று ஐஆர்டிஏஐ ஒரு சுற்றறிக்கை வெளியிட்டால் போதும். இதற்கு நாடாளுமன்றமோ ஜிஎஸ்டி கவுன்சிலோ கூட வேண்டியதில்லை, அரசுக்குச் செலவும் இல்லை. எங்களில் பலரின் பாலிசி ஏப்ரல் 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது. அதற்கான தாள்கள் பிப்ரவரியிலேயே வரத் தொடங்கிவிடும். அதற்குள் அந்தச் சுற்றறிக்கை வர வேண்டும்.

இப்படிக்கு,
சிறு தொழில் முனைவோர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.